மஞ்சள் வாத்தும் வெள்ளிக்கிழமைப் பெட்ரோலும்

மே 1, வியாழன்

அன்பார்ந்த பொதுமக்களே! பெரியோர்களே, தாய்மார்களே! ஐகோர்ட்துரை சவுண்ட் சர்வீஸ் உரிமையாளரின் ஒரே மகனும், பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதித்தவனுமாகிய இசக்கிவேலின் மேலுதட்டில் நான்காவது மீசை முடி இன்று காலை முளைத்துவிட்டது என்பதை மிக்க மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். கூட்ட நெரிசலைத் தவிர்க்கவும்.

எங்கள் வீட்டில் மழை வந்தாலும் விருந்தாளி வந்தாலும் இப்படித்தான் அறிவிப்போம். பிழைப்பு அப்படி. கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஒரு பழைய வேன் இருக்கிறது. கோயில் கொடைத் திருவிழா, துணிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன கன்றுக்குட்டி, எதுவானாலும் விளாத்திகுளத்துத் தெருக்களில் சொல்லிக்கொண்டே ஊர்ந்து போகும். வேனுக்கு என்னைவிட வயது அதிகம். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால், ஓட்டுகிறவர் அடை காக்கும் கோழி மாதிரி அதன் மேல் உட்கார்ந்திருப்பார். அந்தக் கோழியின் பெயர் வெயிலுமுத்து அண்ணன்.

இன்றைய சாதனைக்கு வருவோம். அழுத்தினால் ‘கீச்’ என்று கத்தும் மஞ்சள் ரப்பர் வாத்து ஒன்றைக் காலையில் முன்சீட்டைத் தூக்கி எஞ்சினுக்குப் பக்கத்தில் செருகினேன். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுபடும் கம்பி வாத்தின் வயிற்றை அமுக்கும். அண்ணன் பஜாரில் வண்டியை நகர்த்தியதும் கீச். வேகம் கூட்டினால் கீச் கீச். அப்பா வாசித்த பத்திரகாளியம்மன் கோயில் கொடை அறிவிப்புக்கு நடுவே, “எலி கெடக்கு மொதலாளி, குடும்பத்தோட கெடக்கு!” என்று அண்ணன் போட்ட சத்தம் மைக்கில் போய் பஜாரே சிரித்தது.

சாயங்காலம் அவர் என்னிடம் வந்து, “எலியப் புடிச்சாச்சு தம்பி. ஆனா மஞ்சக் கலர்ல மூக்கு நீளமா இருக்கு. வெளிநாட்டு எலியோ?” என்று வாத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவிடம் என்னை மாட்டிவிடவில்லை.

வாத்தைச் செருகும்போது இடம் போதவில்லை என்பதையும் குறித்து வைக்கிறேன். பக்கத்திலேயே பெட்ரோல் பம்ப். டம்ளர் உயரம். எஞ்சின் ஓடும்போது டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி அனுப்புகிற சாமான். அதிலிருந்து முளைக்கும் குட்டிக் குழாயை ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் நெம்பி இடம் உண்டாக்கினேன். பம்புக்குக் கொஞ்சம் வியர்த்தது. அதற்கு வைத்தியம் எனக்குத் தெரியும். வெயிலுமுத்து அண்ணனின் மொபெட் டேங்க் ஒரு தடவை வியர்த்தபோது அவர் என்ன பூசினார் என்று பார்த்திருக்கிறேன். மருந்து எங்கள் குளியலறையிலேயே இருந்தது. பூசினேன், நின்றது. விஷயம் முடிந்தது. இனி இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மே 2, வெள்ளி

“நேத்து உடைச்ச சோப்பு, இன்னைக்குப் பாதியக் காணோம்! இந்த வீட்டுல யாரு சோப்பத் திங்கிறா?” — அம்மா, காலை ஒலிபரப்பு.

எலி என்றேன். எலி சோப்புத் தின்னும் என்பது அறிவியல்.

வெள்ளிக்கிழமை வண்டி கழுவும் நாள். அண்ணன் சோப்பு, ஷாம்பு எதையும் கிட்டே சேர்க்கமாட்டார். பட்டால் வண்டியின் பக்கவாட்டில் அப்பா ஆசையாக எழுதி வைத்திருக்கும் எழுத்து வெளுத்துவிடுமாம். வெறும் தண்ணீர்தான். ஆனால் அதைப் பாட்டுப் பாடிக்கொண்டே தாராளமாக ஊற்றுவார். சீட்டைத் தூக்கி எஞ்சினுக்கே இரண்டு வாளி. “அதுக்கும் வெக்கையா இருக்கும்லா தம்பி.” பிறகு சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கற்பூரத்தைக் கொளுத்தி மூன்று சுற்றுச் சுற்றி, தட்டை முன்சக்கரத்தடியில் தரையில் வைத்துக் கும்பிட்டு, அது அணைந்தபின்தான் வண்டியைக் கிளப்புவார். சாமி கும்பிடாத அப்பாகூட இதில் தலையிடமாட்டார்.

மே 4, ஞாயிறு

வண்டி எட்டயபுரம் சாலையில் பெட்ரோல் இல்லாமல் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைதான் டேங்கை நிரப்பினோம். அப்பாவின் நெற்றியில் மூன்று கோடு விழுந்தது. இரண்டு விழுந்தால் கோபம், மூன்று விழுந்தால் விசாரணை.

“ஓட்டுத ஓட்டம் எப்பவும் ஓட்டுததுதானடே. பெட்ரோலு எங்க போவுது?”

“பெட்ரோல் வாடை வருது மொதலாளி. ரெண்டு நாளா மூக்கைத் தொளைக்கி.”

“பெட்ரோல் வண்டியில பெட்ரோல் வாடை வராம பன்னீர் வாடையா வரும்?”

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அண்ணன் மேல் முதல் சந்தேகம் விழுந்தது. பொருள் குறையும் நேரத்தில் வாடையைப் பற்றிப் பேசுகிறவர் நம் மூக்கைப் பிடித்து வேறு பக்கம் திருப்புகிறார். இனி இந்த வழக்கு என் கையில்.

மே 6, செவ்வாய்

சந்தேகத்துக்குரியவர்கள்:

எதிர்வீட்டு ஆடு. போஸ்டர் தின்னும், பெட்ரோல் குடிக்காது. விடுதலை.

எலி. வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். நான் பூசிய வைத்தியம் ஓரத்தில் கரைந்தாற்போல் இளைத்திருக்கிறது. பல்லால் சுரண்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் எலி சுரண்டிய அந்தத் துளி இடத்தில் ஒரு டேங்க் பெட்ரோல் போக முடியுமா? முடியாது. எனவே எலி சோப்புத் திருடன், பெட்ரோல் திருடன் அல்ல. இரண்டும் வேறு வேறு வழக்கு.

மிச்சமிருப்பவர் வெயிலுமுத்து அண்ணன். சாவி அவரிடம். மொபெட்டும் வைத்திருக்கிறார். மொபெட் பெட்ரோலில் ஓடுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

எலிக்காக சீட்டுக்கடியில் மசால்வடை வைத்துப் பொறி வைத்தேன். மாட்டியது அண்ணனின் கட்டைவிரல். “எய்யா! இதுக்கு வாத்தே தேவல தம்பி” என்று விரலை உதறிக்கொண்டே வடையை எடுத்துச் சாப்பிட்டார். தடயத்தைச் சாப்பிடும் குற்றவாளியை இப்போதுதான் பார்க்கிறேன்.

மே 8, வியாழன்

அண்ணன் விடாமல் வாடை, வாடை என்று சொன்னதால் மெக்கானிக் ஞானதுரை அண்ணாச்சியை அப்பா வரவழைத்தார். அவர் வருவதற்கு முன்னால், ஒரு பாதுகாப்புக்காக, எலி சுரண்டிய இடத்தில் இன்னொரு பூச்சுக் கனமாகப் பூசி மேலே கொஞ்சம் எஞ்சின் கறுப்பையும் தடவினேன். மந்திரி வருவதற்கு முன் ரோடு போடுவதில்லையா?

அண்ணாச்சி சீட்டைத் தூக்கினார். எஞ்சினை ஓடவிட்டுக் குழாய்களைத் தடவிப் பார்த்தார். ஆயில் அளக்கும் கம்பியை உருவி மோந்தார்.

“பம்புக்குள்ள ரப்பர் கிழிஞ்சா பெட்ரோல் ஆயில்ல போய்க் கலக்கும் மொதலாளி. ஆயில் சுத்தமா இருக்கு. வெளியேயும் பொட்டு ஈரமில்ல. வண்டி மேல குத்தமில்ல.”

வண்டி மேல் இல்லை என்றதும் அப்பா வண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறி பட்ட இடம் நீலமாகத்தான் இருக்கிறது.

துப்பறிவாளன் என்ற முறையில் நான் மகிழ்ந்தேன். மகிழ்ந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மே 9, வெள்ளி

அண்ணன் வண்டி கழுவினார். பாட்டு இல்லை.

மே 11, ஞாயிறு

மறுபடியும் பெட்ரோல் குறைவு! ஆனால் இந்தத் தடவை நான் தயார். டேங்க் மூடியில் கோந்து போட்டுக் காகிதம் ஒட்டி, கையெழுத்தும் போட்டு வைத்திருந்தேன். காகிதம் கிழியவில்லை. கையெழுத்து அப்படியே. பெட்ரோல் மட்டும் இல்லை.

வேறு யாராவது என்றால் இதைப் பார்த்து, “அப்போது யாரும் திருடவில்லை” என்று முடிவு கட்டுவார்கள். நான் அப்படிப்பட்டவனா? மூடியைத் தொடாமல் எடுக்கிறார் என்றால் கீழேயிருந்து எடுக்கிறார்.

சைக்கிளில் பின்தொடர்ந்தேன். பஸ் ஸ்டாண்டு பின்புறம் வண்டியை நிறுத்தினார். இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டையைக் கழற்றித் தரையில் விரித்து வண்டிக்கடியில் மல்லாக்கப் படுத்தார். கையை நீட்டி எதையோ தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோனார். கையும் களவும்! வீட்டுக்குப் பறந்து வந்து அப்பாவிடம் கண்டதைக் கண்டபடி சொன்னேன். அப்பா என் முதுகில் தட்டினார். வழக்கமாகத் தட்டும் இடம் வேறு, வேகமும் வேறு.

மே 13, செவ்வாய்

அப்பாவின் பெயர் ஐகோர்ட்துரை. குலசாமி பெயர். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஓர் ஐகோர்ட்டு உண்டு. ஆனால் எங்கள் வீட்டு ஐகோர்ட்டுக்கு மேல் அப்பீல் கிடையாது. இன்று தீர்ப்பு.

“வெள்ளிக்கிழம கொடை அறிவிப்பு வரைக்கும் ஓட்டு வெயிலு. முடிச்சிட்டுச் சாவியக் குடுத்துரு. போலீசு அது இதுன்னு நான் போகல.”

“வண்டிக்கடியில வாடை எங்க வருதுன்னுதான் மொதலாளி பார்த்தேன்.”

“பார்த்தது யாருன்னு எனக்குத் தெரியும்.”

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. “சம்பளம் போனாப் போவுது மொதலாளி. பெட்ரோல் திருடுனவன்னு பேரோட வெளிய போனா, இந்த ஊர்ல எவன் எங்கையில சாவியக் குடுப்பான்? எனக்கு வேற என்ன தெரியும்?”

அப்பா உள்ளே போனார். டீக்கடை வரைக்கும் செய்தி போய்விட்டது. எங்கள் ஸ்பீக்கரைவிட வேகம்.

ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் வெண்டைக்காய். வேறு காரணம் இல்லை.

மே 14, புதன்

சந்தேகப் பட்டியலில் இன்று ஒரு பெயர் கூடியிருக்கிறது. எழுதமாட்டேன். தலையணை உறை மாற்றுகிற சாக்கில் அம்மா இந்த நோட்டைப் புரட்டுவதுண்டு.

மே 15, வியாழன்

அண்ணன் வண்டிச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கி வைத்தார். ஸ்பானர் எங்கே, ஜாக்கி எங்கே என்று எனக்குக் காட்டினார். “புதுசா வாரவன் வெள்ளிக்கிழம கழுவுறானான்னு பாத்துக்கிடுங்க தம்பி. எஞ்சினுக்கும் ரெண்டு வாளி. மறந்துருவானுவ.”

“சரிண்ணே.”

“மொகம் ஏன் இப்படி இருக்கு? வாத்து செத்துப் போச்சா?”

சிரிக்கவேண்டிய இடம். சிரித்து வைத்தேன்.

பிறகு ஒரு திட்டம் போட்டேன். யாருக்கும் சேதாரம் இல்லாத திட்டம். ஒரு முழு சோப்பைத் தண்ணீர் தொட்டுப் பிசைந்து, குட்டிக் குழாயைச் சுற்றிக் கொழுக்கட்டை மாதிரி அப்பினேன். நாளை பெட்ரோல் குறையாது. திருடன் திருந்திவிட்டான் என்று அப்பா மனம் இளகுவார். அண்ணன் நிலைப்பார். நான் இசக்கிவேலாகவே இருப்பேன். எவ்வளவு அழகான திட்டம்!

மே 16, வெள்ளி

பொதுமக்களே! ஒரு மாபெரும் வீரச் செயல் இன்று நடந்தேறியது.

அண்ணன் கடைசித் தடவையாக வண்டி கழுவினார். எஞ்சினுக்கு ரெண்டு வாளிக்குப் பதிலாக நாலு. அதற்குள் அப்பா வந்து, “நேரமாச்சு. ஆம்ப்ளிஃபயர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறட்டும்” என்று எஞ்சினை ஓடவிட்டார். வெள்ளிக்கிழமை கற்பூரத்துக்கு முன் இந்த வண்டி இதுவரை ஓடியதே இல்லை. கடைசி நாள்தானே என்று அண்ணனும் தடுக்கவில்லை. கற்பூரத் தட்டு எடுக்க வீட்டுக்குள் போனார்.

நான் இடது கதவைத் திறந்து, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தூக்கிய சீட்டுக்கடியில் எஞ்சின் உறுமியது. அப்போது கீழே பார்த்தேன்.

வண்டிக்கடியிலிருந்து நுரை வந்தது. வெள்ளை வெளேரென்று, எங்கள் வீட்டுக் குளியல் சோப்பின் மல்லிகை வாசனையுடன். சோப்பே படாத வண்டியில் நுரை! அதற்கு நடுவே சொட்டுச் சொட்டாக வேறொன்று. அதன் வாடை மல்லிகை அல்ல. பெட்ரோல் சோப்பைக் கரைக்காது, தண்ணீர் கரைக்கும். குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். இரண்டு வெள்ளிக்கிழமையும் கரைத்தது எலி அல்ல, வாளி.

நுரை சரிவில் இறங்கி முன்சக்கரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் கற்பூரத்தைக் கொளுத்திச் சுற்றிவிட்டுக் குனிந்தார். தட்டு தரைக்குப் போகிறது.

நொடியும் தாமதிக்காமல் மைக்கைப் போட்டு, தெருவே அதிர, “அண்ணே! கற்பூரத்த வைக்காதீங்க! பெட்ரோலு ஒழுகுது! நான்தான் குழாய நெம்புனேன்! நீங்க திருடல!” என்று முழங்கினேன். அண்ணன் தட்டோடு பின்னால் பாய்ந்தார். அப்பா ஓடிவந்து எஞ்சினை அணைத்தார். ஒரு டிரைவரின் உயிரையும் மானத்தையும் ஒரே மூச்சில் காப்பாற்றிய பதினாறு வயதுப் பையன் இந்த மாவட்டத்தில் வேறு யாராவது உண்டா?

மே 17, சனி

ஞானதுரை அண்ணாச்சி மறுபடி வந்தார். சோப்பை வழித்து, பம்பைத் துடைத்து உலர்த்தி, அம்மாவின் முகப் பவுடரை அதன் மேல் தூவி எஞ்சினை ஓடவிட்டார். குட்டிக் குழாயின் அடியிலிருந்து பவுடரில் ஈரக் கோடு ஒன்று இறங்கியது. “அன்னைக்கும் சொரண்டிப் பார்த்திருக்கணும் மொதலாளி. கறுப்பா இருக்கவும் அழுக்குன்னு நெனச்சிட்டேன்” என்றார். இரண்டு போல்ட்டைக் கழற்றிப் பம்பை எடுத்தார். குழாய் பம்பில் இறங்கும் இடத்தில் மயிரிழை விரிசல். பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரின் பல் தடம். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒட்டியிருந்த பழைய அட்டையைச் சுரண்டிப் புது அட்டை வைத்துப் புதுப் பம்பை மாட்டினார். மறுபடி பவுடர் தூவி ஓட்டினார். பவுடர் பவுடராகவே இருந்தது.

அப்பா அடிப்பார் என்று இரண்டு டிரவுசர் போட்டிருந்தேன். அடிக்கவில்லை. அண்ணன் முன்னால் போய் நின்று சாவியை நீட்டினார்.

அண்ணன் சாவியை வாங்கவில்லை. “டீக்கடையில எல்லாருக்கும் தெரியும் மொதலாளி. சாவி நம்ம ரெண்டு பேருக்குள்ள. அங்க யாரு சொல்லுவா?”

அப்பா யோசித்தார். மைக்கை எடுத்து என் கையில் கொடுத்தார். ஸ்டியரிங்கில் அவரே உட்கார்ந்தார். அண்ணனை எனக்கும் அவருக்கும் நடுவில் கொலுப் பொம்மை மாதிரி உட்கார வைத்தார். பஜார், பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, பத்திரகாளியம்மன் கோயில். “அன்பார்ந்த பொதுமக்களே, எங்கள் வண்டியில் பெட்ரோல் குறைந்ததற்குக் காரணம் டிரைவர் வெயிலுமுத்து அல்ல. அது என் சேட்டை. பெயர் இசக்கிவேல், தகப்பனார் பெயர் ஐகோர்ட்துரை.” திரும்பத் திரும்ப. டீக்கடை வாசலில் அப்பா வண்டியை நிறுத்தியே விட்டார். ஒருவர் டம்ளரோடு வெளியே வந்து, “எந்த இசக்கிவேலு? இந்த மீசக்காரரா?” என்றார். நான்காவது முடி அந்த இடத்திலேயே உதிர்ந்திருக்க வேண்டும்.

அதன்பிறகுதான் அண்ணன் சாவியை வாங்கினார்.

மே 18, ஞாயிறு

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு சிறு திருத்தம்.

மைக்கை நான் போடவில்லை. சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க அப்பா ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். எனக்குத் தெரியாது.

நொடியும் தாமதிக்காமல் என்று எழுதியதும் சரியில்லை. அண்ணன் உள்ளே இருக்கும்போதே நுரையைப் பார்த்துவிட்டேன். யாராவது பார்க்கிறார்களா என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன். பிறகு காலால் மண்ணைத் தள்ளி மூடப் பார்த்தேன். அவர் கற்பூரத்தோடு வந்து மூன்று சுற்றும் சுற்றி முடிக்கும்வரை என் செருப்பு மண் தள்ளிக்கொண்டுதான் இருந்தது.

முழக்கமும் நான் எழுதியபடி இல்லை. தட்டு தரைக்கு இறங்கும்போது என் வாயிலிருந்து வந்தது, எனக்கே கேட்காத குரலில், ஒரே வாக்கியம். அதைத்தான் கூரையிலிருந்த இரண்டு ஸ்பீக்கரும் தெருக்கோடிவரை கொண்டுபோயின:

“ஐயையோ, என் சோப்பு!”

அண்ணன் தட்டைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். நுரையைப் பார்த்தார். மோந்தார். தானாகவே பின்னால் பாய்ந்து, ஈரத் துண்டைத் தட்டின் மேல் போட்டு அமுக்கினார். மிச்சமெல்லாம் அப்பா என் காதைப் பிடித்தபின் நான் சொன்னது.

ஆக, அண்ணனை யாரும் காப்பாற்றவில்லை. அவரே காப்பாற்றிக்கொண்டார். கூடவே நின்ற என்னையும்.

இன்று சாயங்காலம் அவரிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். “தெரியும் தம்பி, அந்த நேரத்துல ஒங்க செருப்பத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றார். நீலம் மாறாத கட்டைவிரலோடு என் கையில் ஒரு வாளியைக் கொடுத்தார்.

வருகிற வெள்ளிக்கிழமையிலிருந்து வண்டி கழுவப்போவது நான்.